அன்னாள் பதில் சொல்லாத கேள்விகள்

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. கல்யாணமாகி 4 வருஷம். மனைவி 3 மாதமாக ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. கேட்டால் "தலைவலி", "இன்னிக்கு வேண்டாம்" என்பதோடு சரி. சபையில் "பின்மாற்றம்", அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிப்போகிறாள், என்று பேச்சு வந்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா தினமும் ராத்திரி போன் பண்ணி, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்கிறார்களாம். போதகர் ஐயாவோ, "பொறுமையாகக் கேளுங்கள், தீர்ப்பு செய்யாதிருங்கள்" என்கிறார். "அவள் பேசினால்தானே கேட்க முடியும்? எத்தனை நாள் பொறுப்பது? தப்பைத் தப்பு என்று சொல்வதுகூடத் தீர்ப்பா?" என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, உங்கள் மனைவி ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன். ஒருமுறை ஊகித்துப் பட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 31 வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள் நான். தாராவியில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு 12 வருஷம் செயலாளர். அந்தக் காலத்தில் பாடகர் குழுவில் ஒரு பெண் இருந்தாள், நல்ல குரல். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்கம் முடிந்த கையோடு, ஆசீர்வாதம் கூறுமுன்னே, பக்கவாசல் வழியாக நழுவிவிடுவாள். யாரிடமும் நின்று ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாங்கள் நாலைந்து பேர் அதைக் கவனித்தோம், பேசினோம், சிரித்தோம். நான் அதோடும் விடவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், பேர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லாருக்கும் விளங்கும்படி, "உலக ஆசையால் இழுக்கப்படுகிற ஒரு சகோதரிக்காக" என்று ஜெபக்குறிப்பு வைத்தேன். நம் சபைகளில் புறணிக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டால் அதற்குப் பேர் ஜெபக்குறிப்பு.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு நான் வாஷியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. சயானில் ஏறி, வண்டி மாற குர்லாவில் இறங்கினால் ஹார்பர் லைனில் மெகா பிளாக். மும்பையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை 11 மணி வாக்கில் தண்டவாள வேலை என்று வண்டியை நிறுத்தினால், சாயங்காலம் 4 மணி வரைக்கும் அவ்வளவுதான். பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் போதகர் ஐயா பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டார். கடைசி வண்டி போய்விட்டது.

எனக்கும் போக வழியில்லை. ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் முதல் அரை மணி நேரம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு சொன்னாள். வாஷியில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டிக்கு ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் காலை வரை ஆயா வேலை. வீட்டுக்காரருக்கு வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சபையில் "ஆபீஸ் வேலை" என்று சொல்லி வைத்திருந்ததால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை லேட். மூன்றாவது தடவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மலம் மூத்திரம் எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளைத்தான் நான் "உலக ஆசை" என்று கர்த்தருடைய சமுகத்தில் வைத்திருந்தேன்.

அடுத்த புதன்கிழமை அதே கூட்டத்தில், அவள் வேலையைச் சொல்லாமல், நான் சொன்னது பொய் என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துக்கூட, "அவதானே, அந்த..." என்று ஒருத்தி இழுத்ததை என் காதாலேயே கேட்டேன். கடைசியில் அந்தக் குடும்பம் கல்வாவுக்கு வீடு மாறிப்போய் அங்கேயே ஒரு சபையில் சேர்ந்துகொண்டது.

பத்துக் கட்டளைகளில், பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை நம் கணக்கில் ஒன்பதாவது. லுத்தரன்காரர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எட்டாவது. 1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தில் இதற்கு விளக்கம் கொடுக்கும்போது, பொய் சொல்லாதே என்பதோடு நிறுத்தவில்லை. அயலானுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்வதை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்கிறார். அதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் பண்ணிய ஒரு லுத்தரன் அக்காவும் அன்றைக்கு என்னோடு சிரித்தவர்களில் ஒருவர். மனப்பாடம் வேறு, மனசு வேறு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்னாளின் கதை என்று நமக்கெல்லாம் தெரியும். குழந்தை கேட்டாள், சாமுவேல் பிறந்தான். ஆனால் அந்த அதிகாரத்தில் அன்னாளைக் கேட்கத் தெரியாத இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆசாரியன் ஏலி. இன்னொருவர் புருஷன் எல்க்கானா. பிரசங்கங்களில் ஏலியைப் பிடிக்கிறோம், எல்க்கானாவை விட்டுவிடுகிறோம்.

எல்க்கானா நல்ல மனுஷன். அவளைச் சிநேகித்தான் என்று வேதமே சொல்கிறது. அவள் அழுகிறாள், சாப்பிடவில்லை. அவன் கேட்கிறான்: "அன்னாளே, ஏன் அழுகிறாய்? ஏன் சாப்பிடாதிருக்கிறாய்? ஏன் சஞ்சலப்படுகிறாய்? பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" எண்ணிப் பாருங்கள், ஒரே மூச்சில் நான்கு கேள்வி. முதல் மூன்றும் "ஏன்". நாலாவதோ உண்மையில் கேள்வி அல்ல, தன்னைப் பற்றின பேச்சு. அன்னாள் என்ன பதில் சொன்னாள் என்று அடுத்த வசனத்தில் தேடினால் ஒன்றுமில்லை. புசித்துக் குடித்தபின்பு அன்னாள் எழுந்தாள் என்று கதை போய்விடுகிறது. வீட்டில் சொல்ல முடியாததைக் கொண்டுபோய்க் கர்த்தரிடம் கொட்டினாள்.

அங்கே ஏலி. அவன் வாசல் நிலையண்டையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, சரி, குடித்திருக்கிறாள். "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்று கேட்டுவிட்டான். ஒரு விஷயம் கவனியுங்கள். அதே ஆலயத்தில் அவனுடைய சொந்தப் பிள்ளைகள் ஓப்னியும் பினெகாசும் ஜனங்கள் கொண்டுவந்த பலியில் கை வைத்து அட்டூழியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. அவர்களை அடக்காதவன், அழுத ஒரு பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அதட்டுகிறான். சொந்த ரத்தத்துக்கு ஒரு நீளமான கயிறு, வந்தவளுக்குக் கட்டையான கயிறு. இதை எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கிறதா?

ஆனால் ஏலிக்கு நான் ஒரு மரியாதை வைத்திருக்கிறேன். "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று அவள் சொன்னவுடன் அவன் வாதாடவில்லை. "அப்படியானால் உதடு ஏன் அசைந்தது" என்று குறுக்கு விசாரணை பண்ணவில்லை. "சமாதானத்துடன் போ" என்றான். திட்டின வாயாலேயே ஆசீர்வதித்தான். தீர்ப்பை மாற்றிக்கொள்ள அவனுக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. எனக்கு ஒன்றரை மணி நேரமும் ஒரு மெகா பிளாக்கும் தேவைப்பட்டது.

"அவள் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவலி என்று சொல்கிறார்களே, அது பேச்சு இல்லையா? நீங்கள் அதைச் சாக்கு என்று முடிவுகட்டிவிட்டதால் அது உங்கள் காதில் விழவில்லை. எத்தனை நாளாகத் தலைவலி, எந்தப் பக்கம் வலி, ராத்திரி தூங்கினாயா என்று கேட்டீர்களா? டாக்டரிடம் போனீர்களா? இன்னொன்று. 4 வருஷம் என்று எழுதினீர்கள், குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று வழிமறிக்கிற அக்காமார் எந்தச் சபையிலும் உண்டு... பாருங்கள், ஊகிக்க மாட்டேன் என்று சொன்னவளே ஊகிக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த வியாதி அவ்வளவு லேசில் போகாது. இதை அழித்துவிடாமல் விட்டுவைக்கிறேன், உங்களுக்கு உதாரணமாக இருக்கட்டும்.

அம்மா விஷயம். அவர்களைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அதுவும் கேட்காமல் கொடுக்கிற தீர்ப்புதான். ஊரில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவுக்கு, மகன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத பயம் இருக்கும். கோயில் வாசலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் இருக்கும். "உங்களுக்கு என்னம்மா பயம்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள், போன் பேச்சே வேறு மாதிரி போகலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. உங்கள் வீட்டில் முதலில் பேசுவது யார்? தினமும் ராத்திரி போனில் வருகிறவர்கள்.

தாவீது ராஜாவுக்கே இதில் சறுக்கியிருக்கிறது. மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமைவிட்டு ஓடுகிற நேரம். சீபா என்ற வேலைக்காரன் இரண்டு கழுதை, 200 அப்பம், வற்றலான திராட்சப்பழம், திராட்சரசம் எல்லாம் கொண்டுவந்து நிற்கிறான். உன் எஜமான், முந்தின ராஜா சவுலின் பேரன் மேவிபோசேத் எங்கே என்று ராஜா கேட்டால், "அவர் எருசலேமிலே இருக்கிறார், ராஜ்யம் தனக்குத் திரும்பி வரும் என்று காத்திருக்கிறார்" என்று போட்டுக்கொடுக்கிறான். களைத்துப்போனவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன் பேச்சு இனிக்கத்தானே செய்யும். அந்த இடத்திலேயே, "மேவிபோசேத்துக்கு உண்டானதெல்லாம் உன்னுடையது" என்று தாவீது சொல்லிவிட்டான். ஒரு பக்கம் மட்டும் கேட்டு ஒரு குடும்பத்தின் நிலம் முழுவதும் கைமாறியது.

பிறகு தாவீது திரும்பி வருகிறான். மேவிபோசேத் எதிரே வருகிறான். ராஜா போன நாளிலிருந்து காலைச் சுத்தம்பண்ணவில்லை, தாடியைச் சவரம்பண்ணவில்லை, துணி வெளுக்கவில்லை. இரண்டு காலும் முடமானவன். கழுதைக்குச் சேணம் போடச் சொன்னேன், வேலைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்கிறான். இப்போது தாவீதுக்கு விளங்குகிறது. ஆனால் என்ன சொன்னான்? நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பாதி. முழுசாகப் பறித்ததைப் பாதியாகத்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது, அதுவும் ராஜாவால். என் புதன்கிழமை மன்னிப்பும் அந்தப் பாதி நிலம்தான். அதனால்தான் அவசரத் தீர்ப்பைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

தப்பைத் தப்பு என்று சொல்வதும் தீர்ப்பா என்று கேட்டீர்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இங்கே ஒரு நுணுக்கம் பண்ணியிருக்கிறார்கள். மத்தேயு 7:1இல் "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று இருக்கிறது. யோவான் 7:24இல் "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான், கிரினோ. ஒரு இடத்தில் "குற்றவாளிகளென்று" என்று சேர்த்துச் சொன்னதால் நமக்கு அர்த்தம் பிடிபடுகிறது. ஆளை முத்திரை குத்தாதே. காரியத்தை நிதானித்துத் தீர்ப்பு செய். உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போட்ட பிறகு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றும் இயேசு சொல்கிறார். துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. வரிசைதான் முக்கியம். யோவான் ஏழாம் அதிகாரத்தின் கடைசியில், இயேசுவைப் பிடிக்கத் துடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் நிக்கொதேமு எழுந்து, ஒரு மனுஷன் சொல்வதைக் கேட்பதற்கு முன்னே அவனை ஆக்கினைக்குட்படுத்தலாமா என்று கேட்கிறான். அந்தக் கேள்வி அவனுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு ராத்திரி பயந்து பயந்து வந்தவனை, "பகலில் வா" என்று துரத்தாமல் உட்காரவைத்துப் பேசியவர் ஒருவர் இருந்தார்.

சரி, எப்படிக் கேட்பது. முதலில் இடம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 சொல்கிறது. இந்த ஊரில் அதுதான் பெரிய கஷ்டம். சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒரு அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நீங்கள் இருமினால் பக்கத்து வீட்டுக்காரர் "தண்ணி குடிங்க" என்பார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் மனசைத் திறப்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சாயங்காலம் மாட்டுங்கா பைவ் கார்டனுக்கு நடந்து போங்கள், அல்லது ஒர்லி கடற்கரைச் சுவரில் போய் உட்காருங்கள். முகத்துக்கு முகம் பார்த்தபடி வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில். எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன இரண்டு சீஷரோடு இயேசு எப்படிப் பேசினார்? கூடவே நடந்தார். எல்லாம் தெரிந்தவர், ஆனால் "எவைகள்?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே முழுக்கதையையும் சொல்லவிட்டார். அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் "புத்தியில்லாத மந்த இருதயமுள்ளவர்களே" என்று தன் பேச்சை ஆரம்பித்தார். கண்டித்தார், ஆனால் கேட்டுவிட்டு.

அடுத்தது, அந்த "ஏன்" என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் ஒளித்துவையுங்கள். நம் தமிழில் "ஏன் வரல?" என்றால் பாதி நேரம் அது கேள்வியே இல்லை, அடி. ஏதேனில் ஒளிந்துகொண்ட ஆதாமிடம் தேவன் முதலில் கேட்டது "நீ எங்கே இருக்கிறாய்?" என்பது. (காயீனிடம் "ஏன்" என்று கேட்டாரே என்று ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் என்னை மடக்கியிருக்கிறான். கேட்டார்தான். ஆனால் கேட்டுவிட்டு, நன்மை செய்தால் மேன்மை உண்டு என்று வழியும் காட்டினார். அவன்தான் காது கொடுக்கவில்லை.) "ஞாயித்துக்கிழமை காலைல எழும்பும்போது உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு கேள்வி கேட்காதீர்கள். நாலு கேள்வி கேட்ட எல்க்கானாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வந்தால் அது உங்களைப் பற்றியும் இருக்கலாம், உங்கள் அம்மாவைப் பற்றியும் இருக்கலாம். அந்த இடத்தில்தான் நாக்கு துடிக்கும். எல்லாம் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் மூன்று சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் தங்கமான மனுஷர். வாயைத் திறந்தார்கள், கெட்டது. "யோபு பேசினதுபோல் நிதானமாய்ப் பேசவில்லை" என்று கடைசியில் கர்த்தரிடமே வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். நீங்கள் பதிலுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, "இதுதானே நீ சொன்னது?" என்று கேளுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடமும் சண்டை வந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன். நாலில் மூன்று தடவை "இல்ல டீச்சர், நான் அதைச் சொல்லல" என்று பதில் வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு ஆபத்தாகிவிடும். பொறுமையாகக் கேள் என்ற உபதேசத்தை வைத்தே அடிவாங்குகிற பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சபைகளை நான் பார்த்திருக்கிறேன். கை ஓங்குகிற இடத்தில் முதலில் கேட்க வேண்டியது காயம்பட்டவர் சொல்வதை. அடுத்த வேலை அவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது. 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று உங்கள் மனைவி சொன்னால், அதைப் பின்மாற்றம் என்று ஜெபத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுல் "பிரியமான வைத்தியன்" என்று எழுதினது லூக்காவைத்தான் என்று சொல்லுங்கள்.

எத்தனை நாள் என்று கணக்குக் கேட்டீர்கள். என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் ஆரம்பிக்க ஒரு நாள் சொல்கிறேன். வருகிற ஞாயிறு நீங்களும் கோயிலுக்குப் போக வேண்டாம். காலையில் நீங்கள் எழுந்து தண்ணீர் பிடியுங்கள், டீ போடுங்கள், போனை அணைத்துவிட்டு அவர்களோடு வீட்டில் இருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். திங்கட்கிழமை யாராவது "நேத்து உங்களையும் காணோமே" என்று கேட்டால், ஒரு கிழட்டு டீச்சர் வர வேண்டாம் என்று சொன்னாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அதை ஜெபக்குறிப்பாக வைத்தாலும் பரவாயில்லை.